எந்தப் பால்?



தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் அப்பம் சுடுவதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புன்னகைக்கலாம். இலக்கணம், கட்டுரை, தேர்வு வழிகாட்டி என்று எழுதி வந்தவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்றும் கேட்கலாம். பொறுத்தருள்க. இதுவும் ஒரு சொல்லைப் பற்றிய கட்டுரைதான். அந்தச் சொல் 'பால்'. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத ஓர் ஆசிரியனால் ஒரு குழந்தை பட்ட துன்பத்தில் இருந்தே இதைத் தொடங்க வேண்டும். அந்த ஆசிரியன் நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் சிற்றுண்டி நாள் நடந்தது. பெற்றோர்கள் வகுப்பறைகளின் முன்னே மேசைகளை இட்டு, தத்தம் வீட்டுப் பக்குவத்தில் பலகாரம் செய்து விற்றார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்பம் சுடும் மேசையின் முன் வரிசையில் நின்றாள். ஆண்டுத் தொடக்கத்திலேயே அவள் தாயார் என்னிடம், "பிள்ளைக்குப் பால் ஆகாது ஐயா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். நானும் வகுப்புக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். எனவே அப்பம் சுட்ட அம்மையாரிடம், "இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சீனி, கொஞ்சம் உப்பு. வேறொன்றும் இல்லை ஐயா" என்றார்.

'பால்' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் வேறெதையும் எண்ணவில்லை. மாணவியை வரிசையிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். "ஐயா, இதை நான் வீட்டில் சாப்பிடுவேன்" என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். ஆசைக்காகச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அவள் முகம் வாடியதைக் கண்டு, பக்கத்து மேசையில் சுடச்சுட விற்ற ரொட்டி சானாய் ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கி, சீனி தூவிக் கொடுத்தேன். கோதுமை மாவும் எண்ணெயும்தானே என்ற துணிவு!

கால் மணி நேரம் கழியவில்லை. அவளுடைய உதடு வீங்கியது. கழுத்திலும் கைகளிலும் தடிப்புகள் எழுந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நல்வேளையாக அவள் தாயார் பள்ளியிலேயே இருந்தார். உடனே மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். மாலைக்குள் பிள்ளை தேறிவிட்டாள். ரொட்டி மாவைப் பிசையும்போதே மிருதுவாக வரட்டும் என்று டின்பால் ஊற்றியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அந்தத் தாயார் என்னைக் கோபிக்கவில்லை. "தேங்காய்ப்பால் அவளுக்கு ஆகும் ஐயா. மாட்டுப்பால்தான் ஆகாது. நான்தான் தெளிவாகச் சொல்லாமல் விட்டேன்" என்று தம்மீதே பழியை ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றிருக்கக் கூடாது. பிள்ளைக்கு உகந்த உணவை அவள் கையிலிருந்து பறித்துவிட்டு, உகாத உணவை விலைக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒரே சொல்!

ஒரு சொல், பல பொருள்

தமிழில் 'பால்' என்னும் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! பசு தருவதும் பால். தேங்காயைத் துருவிப் பிழிந்தால் வருவதும் பால். இந்நாட்டுத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து சென்று ரப்பர் மரத்தில் வெட்டி எடுத்ததும் பால்தான். மலேசியத் தோட்ட வாழ்க்கையைக் களமாகக் கொண்ட நாவலுக்கு அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயர் வைத்தபோது எந்தப் பால் என்று நம்மவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இலக்கண வகுப்பிலோ ஆண்பால், பெண்பால். திருக்குறளிலோ அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால்.

நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. விலங்கின் பால் அவர்களுக்குச் 'சூசு', தேங்காய்ப்பால் 'சந்தான்'. நாமும் சந்தைக்குப் போனால் "ஒரு கிலோ சந்தான் கொடுங்கள்" என்றுதான் கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அது தேங்காய்ப்பாலாகி, பேச்சு வேகத்தில் வெறும் பாலாகிவிடுகிறது. "குழம்பில் பால் ஊற்றிவிட்டேன்" என்று அம்மா சொன்னால் அது எந்தப் பால் என்று வீட்டாருக்குத் தெரியும். வெளியாருக்கு எப்படித் தெரியும்?

எதிர்த்திசையிலும் இந்த மயக்கம் உண்டு. தேநீர்க் கடையில், "இதில் பால் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "பால் இல்லை, கிரீமர்தான்" என்று நல்லெண்ணத்தோடு பதில் வரக்கூடும். டின்களில் 'இனிப்புக் கிரீமர்' என்ற பெயரில் விற்கப்படுவதில் செம்பனை எண்ணெயோடு பால் திடப்பொருளும் சேர்ந்திருப்பது வழக்கம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் 'பால்' என்றால் புட்டியில் வரும் வெள்ளைப் பால் மட்டுமே!

1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கப்படும் இத்தீவில், ஓர் ஈரெழுத்துச் சொல்லை ஆசிரியனாகிய நானே கூர்ந்து கேட்கத் தவறினேன் என்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

'ஆகாது' என்பது என்ன?

'ஆகாது' என்ற சொல்லிலும் இரண்டு வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, செரிமானக் குறை. பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இது சுரக்கும். வளர வளரப் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை இதுதான். கிழக்காசியரிடையே இன்னும் அதிகம். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடையே மிகுதி. இவர்கள் பால் அதிகம் அருந்தினால் வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும். சிறிதளவு பாலோ தயிரோ பலருக்குத் தொல்லை தருவதில்லை. உயிருக்கு ஆபத்தும் இல்லை.

இரண்டாவது, ஒவ்வாமை. இது சர்க்கரையால் வருவதன்று. கேசின் முதலிய பால் புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது. இவர்களுக்குச் சிறு துளியும் போதும். தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று சில நிமிடங்களில் நிலைமை முற்றலாம். ஆட்டுப்பாலின் புரதங்களும் ஏறத்தாழ அதே மாதிரியானவை என்பதால் அதுவும் மாற்றாகாது. மூச்சுத் திணறல் கண்டால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி பிள்ளையிடம் இருந்தால் உடனே தொடையில் போட்டு, 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு இலண்டன் பள்ளி ஒன்றில் 13 வயது மாணவன் ஒருவன் மீது சக மாணவன் ஒரு பாலாடைக்கட்டித் துண்டை விளையாட்டாக எறிந்தான். அது தோலில் பட்டதே போதுமானதாயிற்று. பால் ஒவ்வாமை கொண்டிருந்த அந்த மாணவன் சில நாள்களில் மருத்துவமனையில் இறந்துபோனான். அவன் அதைத் தின்னவும் இல்லை. எறிந்த சிறுவனும் கொலைகாரன் அல்லன். ஒவ்வாமை உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. அந்த அறியாமையைப் போக்க வேண்டிய இடம் பள்ளியன்றி வேறெது?

பால் நமக்குப் பகையா?

உடனே சிலர், "தமிழர் பண்பாட்டில் பாலுக்கு உள்ள இடம் உமக்குத் தெரியாதா?" என்று கேட்பர். நன்றாகவே தெரியும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் ஏறும் பால்குடங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பொங்கல் பானையில் பால் பொங்காமல் நமக்குத் தை பிறப்பதில்லை. பெரும்பாணாற்றுப்படை, அப்பம் சுட்டு விற்கும் கூவியரைப் பற்றிப் பேசுமிடத்தில், அவர்கள் பாகு சேர்த்துச் செய்த வட்டம் பாலில் கிடக்கும் தோற்றத்தையே உவமையாக்குகிறது. பால் நமக்குப் பகையன்று. யாரும் பாலை விலக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. நம்முடைய அப்பத்துக்கும் தோசைக்கும் அடைக்கும் மாட்டுப்பால் தேவையே இல்லை! மதுரைக்காஞ்சி தேன்கூட்டைப் போன்ற மெல்லிய அடையைக் கூறுகிறது. தேன்கூட்டைப் போன்ற கண்கள் அடையில் விழுவதற்கு மாவு புளித்துப் பொங்கினால் போதும். மாவு பொங்குவதற்கு மாட்டுப்பால் எதற்கு? இன்று நம் பிள்ளைகள் 'பேன்கேக்' என்றால் பால், வெண்ணெய், கடையில் விற்கும் கலவைப் பொட்டலம் என்றே நினைக்கிறார்கள். பால் ஆகாத பிள்ளைக்கு 'மாற்று உணவு' தேட நாம் அயல்நாட்டுச் செய்முறைகளைப் புரட்டுகிறோம். தெருமுனையில் சுடச்சுட இருக்கும் அப்பத்தை மறந்துவிடுகிறோம்.

பினாங்கைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். காலையில் சிறு வட்டக் கலங்களை வரிசையாக அடுப்பில் வைத்து, ஓரம் முறுவலாகவும் நடு மெத்தென்றும் அப்பம் சுட்டு, மடித்துத் தருகிறார்கள் நம்மவர்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும்தான் அதன் உயிர். சீனர்கள் விற்கும் சிறு அப்பத்தில் தேங்காய்ப்பாலோடு வாழைப்பழத் துண்டும் சோளமும் சேர்கின்றன. பெரானாக்கான் வீடுகளில் சங்குப்பூவின் நீலம் தீற்றிய அப்பத்தை வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்புக் குழம்பில் தோய்த்து உண்பர். மலாய்க்காரர்களின் 'லெம்பெங்' என்பது கோதுமை மாவையும் தேங்காய்த் துருவலையும் நீரில் கரைத்துச் சுடுவது. கறியோடு உண்ண அமிர்தம். பாண்டான் இலைப் பச்சை நிறத்தில் தேங்காய்ப் பூரணம் பொதிந்த 'குவே டாடார்' சுருளும் தேங்காய்ப்பால் மாவில் செய்வதே. 2008ஆம் ஆண்டு மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. கட்டடங்களை மட்டும் காத்தால் போதுமா? இந்த அடுப்புகளும் மரபுதானே!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை மரபில் பாலில்லாதவை. ஆனால் எல்லாக் கடையிலும் அப்படியே செய்கிறார்கள் என்று பொருளில்லை. நிலக்கடலை தூவிய தடித்த 'ஆப்பாம் பாலிக்' சுடுவோரில் சிலர் மாவில் பால் சேர்ப்பர், மேலே வெண்ணெயோ மார்ஜரினோ தடவுவர். 'ரொட்டி ஜாலா'விலும் சிலர் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பால் ஊற்றுவர். ஆகவே கேட்டே ஆக வேண்டும்.

செய்யும் முறை

பாலை எடுத்துவிட்டால் பேன்கேக் எப்படி வரும் என்று அஞ்சுவோருக்கு ஒரு விளக்கம். மாவில் பால் செய்யும் வேலைகள் நான்கு. மாவை நனைக்கிறது, கொழுப்பால் மிருதுவாக்குகிறது, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பொன்னிறம் தருகின்றன, சற்றே சுவை கூட்டுகிறது. நனைப்பதற்குத் தண்ணீர் போதும். மிருதுவாக்கத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் உண்டு. நிறத்துக்குச் சீனியும் பழமும் உண்டு. சுவைக்குத் தேங்காயை வெல்ல எது இருக்கிறது?

வகுப்பறை விருந்துக்கு நான் செய்யும் எளிய முறை இது:

கோதுமை மாவு 200 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. இவற்றை உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, தேங்காய்ப்பால் 150 மில்லிலிட்டர், தண்ணீர் 150 மில்லிலிட்டர், எண்ணெய் 1 மேசைக்கரண்டி ஆகியவற்றோடு சேர்த்து, மாவில் ஊற்றிக் கலக்க வேண்டும். முட்டையும் தேவையில்லை, பழமே பிணைத்துக்கொள்ளும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அதிகம் அடித்துக் கலக்கினால் கோதுமையின் பசைத்தன்மை கூடி அப்பம் ரப்பர்போல் இழுக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, மிதமான சூட்டில் கல்லில் ஊற்றி, மேலே குமிழிகள் வெடித்து ஓரம் உலர்ந்ததும் திருப்புக. மாவு கெட்டியாக இருந்தால் தண்ணீர் சிறிது தெளிக்கலாம். சிறிய அளவில் பன்னிரண்டு வரை வரும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு மும்மடங்கு கலந்தால் ஆளுக்கொன்று கிடைக்கும். கேட்கிற பிள்ளைக்கு இரண்டாவதும் மிஞ்சும்.

நேரம் இருப்போர் உண்மையான அப்பமே சுடலாம். பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடிச் சோறும் தேங்காய்த் துருவலும் சேர்த்து அரைத்து, சிறிது சீனியும் அரைத் தேக்கரண்டி ஈஸ்டும் கலந்து மூடி வைக்க வேண்டும். முற்காலத்தில் ஈஸ்ட்டின் வேலையைக் கள் செய்தது. நம் தீவின் வெப்பத்தில் மாவு விரைவில் பொங்கிவிடும், கண் வைத்திருங்கள். உப்பும் தலைப்பாலும் சுடுவதற்குச் சற்று முன்பு சேர்த்தால் மணம் மாறாது.

கடைப்பொருள் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. தேங்காய்ப்பால் மாவுப் பொட்டலம் பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கப்படுகிறது. அது பாலிலிருந்து எடுக்கப்படும் புரதம்! தேங்காய்ப் படம் போட்ட பொட்டலத்துக்குள் மாட்டுப்பால் ஒளிந்திருக்கிறது. 'பால் சாராத' கிரீமர்களிலும் இதே கதைதான். மார்ஜரின் சிலவற்றில் மோர்ப்புரதம் உண்டு. நெய்யிலும் பால் புரதம் சிறிதளவு தங்கியிருக்கக்கூடும். 1985ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகள், பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருளில் பால், முட்டை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்கின்றன. எனவே பெயரைப் படிக்காதீர்கள். உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். சூசு, லாக்தோசா, காசெயின், வே ஆகிய நான்கு சொற்களைத் தேடினாலே பெரும்பாலும் உண்மை வெளிப்படும். மேசையில் விற்கும் பலகாரத்துக்கு அட்டையும் இல்லை, பட்டியலும் இல்லை. அங்கே நம் வாய்தான் பட்டியல்.

பரிமாறும் முறை

செய்வதைவிடப் பரிமாறுவதே கடினம் என்பது என் கருத்து. பால் ஆகாத பிள்ளைக்கென்று தனியாக ஒரு தட்டு, தனியாக ஒரு மூலை, "இது உனக்கு மட்டும்" என்ற ஓர் அறிவிப்பு... இதைப் பெரும்பாலான பள்ளிகளில் பார்க்கிறோம். நல்லெண்ணம்தான். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு அது எப்படி இருக்கும்? எல்லாரும் தின்பதை நீ தின்னக்கூடாது, நீ தின்பதை வேறு யாரும் தின்னவில்லை. பந்தியில் ஒருவரை மட்டும் தனி இலையில் தள்ளி உட்காரவைப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை நம் முன்னோர் வேறு காரணங்களுக்காகப் பட்டு அறிந்திருக்கிறார்கள். நாம் அதை மருத்துவத்தின் பெயரால் செய்ய வேண்டாம்.

என் முடிவு எளியது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பால் ஆகாதென்றால், அந்த வகுப்பின் விருந்தில் எல்லாருக்கும் பாலில்லாத அப்பம். ஒரே மாவு, ஒரே கல், ஒரே வரிசை. இதில் கண்ணியமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. பால் மாவு ஒரு பக்கமும் பாலில்லா மாவு மறுபக்கமும் இருந்தால் கரண்டி மாறும், கல்லில் ஒட்டியது கலக்கும், அவசரத்தில் தட்டு மாறும். ஒரே மாவு என்றால் மாறுவதற்கே இடமில்லை.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது:

1. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் 'பால் ஆகுமா?' என்று கேட்பதில்லை. 'மாட்டுப்பாலா, தேங்காய்ப்பாலா? வயிற்றுத் தொல்லையா, ஒவ்வாமையா? மருத்துவர் என்ன சொன்னார்? ஊசி உண்டா?' என்று கேட்டு எழுதி வைக்கிறேன்.

2. முட்டை, நிலக்கடலை, கோதுமை ஆகியவற்றையும் கேட்கிறேன். அரிதாகத் தேங்காயே ஒவ்வாதவரும் உண்டு.

3. கல், கரண்டி, பாத்திரம் ஆகியவற்றைக் கழுவிவிட்டே தொடங்குகிறேன். வெண்ணெய் தடவிய கல்லைத் துணியால் துடைத்தால் போதாது. சவர்க்காரமும் நீரும் வேண்டும்.

4. மேலே ஊற்றிக்கொள்ள டின்பால் வைப்பதில்லை. தேங்காய்ச் சர்க்கரைப் பாகும் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் வைக்கிறேன்.

5. ஐயம் இருந்தால் கொடுப்பதில்லை. அதைவிட முக்கியமாக, பிள்ளை பேசினால் காது கொடுத்துக் கேட்கிறேன்.

ஐந்தாவதை நான் விலை கொடுத்துக் கற்றேன். "ஐயா, இதை நான் வீட்டில் சாப்பிடுவேன்" என்று அன்று அவள் சொன்னபோது, அந்த இடத்திலேயே இருந்த தாயாரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மறுப்புகளுக்கு விடை

'ஒரு பிள்ளைக்காக முப்பது பேர் மாற வேண்டுமா?' என்பது முதல் மறுப்பு. முப்பது பேர் எதை இழக்கிறார்கள்? அவர்களுக்குக் கிடைப்பது பாட்டி வீட்டு அப்பம்! இழப்பு என்று சொல்லும் முன் ஒரு முறை தின்று பார்க்கட்டும்.

'தேங்காய் விலை தெரியுமா?' என்பது இரண்டாவது. தெரியும். 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் நாட்டில் தேங்காய்த் தட்டுப்பாடு ஏற்பட்டு, சந்தான் விலை ஏறியதை எல்லாரும் கண்டோம். அதனால்தான் மேலே சொன்ன அளவில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தேன். தேங்காய்ப்பாலே இல்லாமல் தண்ணீர், பழம், எண்ணெய் கொண்டும் சுடலாம். மணம் குறையும், ஆனால் தோற்காது.

'பாலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே, பிள்ளைகளின் எலும்புக்கு என்ன செய்வது?' என்பது மூன்றாவது. நேர்மையான கேள்வி. தேங்காய்ப்பால் பசும்பாலுக்கு ஈடான சத்துணவு அன்று. அதில் நிறைகொழுப்பும் அதிகம். அப்பத்தை நாள்தோறும் கொடுக்கச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டு நம் நாட்டில் பள்ளிப் பால் திட்டத்தைத் தொடங்கியவர்கள் ஏழைப் பிள்ளைகளின் ஊட்டத்தை எண்ணியே தொடங்கினார்கள். பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு குடிக்கட்டும். ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு முள்ளோடு தின்னும் நெத்திலி, தவ்வு, கேழ்வரகு என்று வழிகள் உண்டு. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மேலே சொன்ன கோதுமை மாவில் கால் பங்கைக் கேழ்வரகாக மாற்றிப் பாருங்கள். நிறம் கறுக்கும், பிள்ளைகள் 'சாக்லேட் அப்பம்' என்று பெயரிட்டுத் தின்பார்கள்!

'பள்ளிக்கு இதெல்லாம் வேலையா?' என்பது நான்காவது. இதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை. உதடு வீங்கிய ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நிறைவாக

அடுத்த சிற்றுண்டி நாளுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு பாடம் நடத்தினேன். கரும்பலகையில் 'பால்' என்று எழுதி, எத்தனை பொருள் தெரியும் என்று கேட்டேன். பசும்பால், ஆட்டுப்பால், தேங்காய்ப்பால், ரப்பர்ப் பால், கள்ளிப்பால், ஆண்பால், பெண்பால் என்று பலகை நிறைந்தது. பிறகு, "கடையில் ஒருவர் 'பால் இருக்கிறது' என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்க வேண்டும்?" என்றேன். "எந்தப் பால்?" என்று வகுப்பே சேர்ந்து கூவியது. பக்கத்து வகுப்பாசிரியை சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அவ்வாண்டு எங்கள் வகுப்பு மேசையில் அப்பம் சுட்டோம். அந்த மாணவிதான் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்தாள். சில பெற்றோர் டின்பால் கேட்டார்கள், இல்லை என்றோம். ஒருவர் மட்டும் சலித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் தின்றுவிட்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள். பதினொரு மணிக்குள் மாவு தீர்ந்துவிட்டது.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! வரும் சிற்றுண்டி நாளிலோ பிறந்தநாள் விருந்திலோ ஒரு முறையேனும் இதைச் செய்து பாருங்கள். உணவு கொடுக்கும் முன் கேளுங்கள். கேட்கும்போது 'பால்' என்பதோடு நிறுத்தாதீர்கள்.

எந்தப் பால் என்று கேளுங்கள்.